எனக்குப் பதிலாக அவன் வாசித்தது

எங்கள் குழுவில் நான்கு பேர். மூன்று பேரிடம் வாத்தியம் இருந்தது. நான்காவது ஆளிடம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் மூன்று பேரின் வாத்தியங்களையும் எங்களைவிட நன்றாக வாசிப்பான்.

எழுபதுகளின் தொடக்கம். தஞ்சாவூரில் கல்லூரிப் படிப்பு. ராக் இசை என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. இரைச்சல் என்று மட்டும் தெரியும். கடற்கரை ஊரிலிருந்து வந்து படித்த நண்பன் ஒருவன் இருந்தான். மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய மாமா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். இசைத்தட்டுகள், ஆம்ப்ளிஃபையர், பேஸ் கிட்டார், சின்னதாக ஒரு எலக்ட்ரிக் ஆர்கன் எல்லாம் அவர் மூலம் வந்தவை. டிரம்ஸ் ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளையுடையது. லீட் கிட்டார் நான். அப்பா மெட்ராஸிலிருந்து வாங்கிக் கொடுத்தார். நாங்கள் மிராசுதார்கள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் எங்கள் ஊர்.

கீழவாசல் பக்கம் கடற்கரை நண்பனின் குடும்பத்துக்கு ஒரு கிடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே வாசித்துப் பழகுவோம். ஒருநாள் டிரம்ஸ்காரனுக்குக் காய்ச்சல். வேடிக்கை பார்க்கட்டும் என்று விடுதியிலிருந்து ஒருவனைக் கடற்கரை நண்பன் கூட்டிக்கொண்டு வந்தான். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர். வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த தெரு. எங்களுடைய ஏழு மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தவரின் மகன். சின்ன வயதிலேயே மிஷன் பள்ளி விடுதிக்குப் போய்விட்டதால் ஊரில் அதிகம் பார்த்ததில்லை.

"இது வாசிப்பியா?" என்று டிரம்ஸைக் காட்டி நண்பன் கேட்டான்.

"ஸ்கூல் பேண்டுல சைடு டிரம் அடிச்சிருக்கேன்" என்றான்.

உட்கார்ந்தான். முதலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பிறகு நாங்கள் மூன்று மாதமாகத் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலப் பாட்டின் தாளத்தைப் பிடித்தான். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு எங்களுக்கு முழுதாக வந்தது. இடைவேளையில் ஆர்கன் பக்கம் போய் நின்று, கேட்காமல் தொடக்கூடாது என்பதுபோல எங்களைப் பார்த்தான். மிஷன் பள்ளி சர்ச்சில் காலால் காற்று மிதிக்கும் ஆர்கன் இருந்ததாம். தூசி தட்டுவது அவன் வேலை. தட்டிவிட்டு வாசிப்பானாம். அதிலும் வாசித்தான். பிறகு என் கிட்டாரைக் கேட்டு வாங்கினான். மூன்றாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிச் சரிசெய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மூன்று வருடம் எங்களோடு இருந்தான். பாடுவான், பாட்டு எழுதுவான், ஆம்ப்ளிஃபையர் புகைந்தால் திறந்து ஈயம் வைப்பான். கல்லூரி விழாக்களில் அவனை வைத்து ஒரு வேடிக்கை காட்டுவோம். ஒரே பாட்டில் டிரம்ஸிலிருந்து எழுந்து பேஸுக்கு, பேஸிலிருந்து ஆர்கனுக்கு என்று அவன் மாறிக்கொண்டே போவான். கூட்டம் விசிலடிக்கும். அந்த ஏற்பாடு என்னுடையது. எனக்கு அவனைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. பொறாமையை அப்படித்தான் பெருமையாக மாற்றி வைத்துக்கொண்டேன். ஒருநாள் இறங்கி வந்தவன் சொன்னான்:

"இனிமே இது வேணாம்டா. இது வித்தை. பாட்டக் காணோம்."

கல்லூரியில் என்னை 'டா' போட்டுத்தான் பேசுவான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் எங்கள் களத்து வாசலில் அவன் அப்பாவோடு நின்று, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்பான். ஒருமுறை பஸ்ஸில் திரும்பும்போது, "ஏன்டா அப்படிப் பேசுற, ஒரு மாதிரி இருக்கு" என்றேன்.

"உனக்கு ஒரு மாதிரி இருக்கு. அங்க நான் டா போட்டா எங்கப்பாவுக்கு என்ன இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா?" என்றான். பிறகு திருவையாறு வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த வருடங்களில்தான் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. பெயர் பதிவாகிவிட்டால் நிலத்தை விட்டு எளிதில் வெளியேற்ற முடியாது. சுவரெல்லாம் உழுபவனுக்குப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுத வைத்த ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். "சட்டம் இருக்கும். நீங்க பயப்படாதீங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்பா பயப்படவில்லை. ஆட்களைக் கூப்பிட்டார்.

பல ஊர்களில் குத்தகைக்காரர்கள் மிரட்டலுக்குப் பயந்து மனுவே போடவில்லை. அவன் அப்பா போட்டார். செங்கொடிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததில் கைநாட்டு வைத்திருந்தார். மனு தாலுக்கா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்து எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்.

முதலில் மடையை அடைத்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த ஏழு மாவுக்கு மட்டும் போகவில்லை. நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆன குறுவை. பயிர் கருகும்போது முதலில் நுனி சிவக்கும். லீவுக்குப் போயிருந்த நான் வரப்பில் நின்று பார்த்தேன். அவன் அப்பா குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கடன் உடன் வாங்கி மறுபடி சம்பா நட்டார். அது விளைந்தது. அறுப்புக்கு அவர் தெருவிலிருந்து ஆள் இறங்கும் முன்னால், வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் இறக்கினார்கள். ரோட்டில் ஒரு போலீஸ் வேன் நின்றது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. அவர் தனியாக வயலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாராம். இழுத்துப்போட்டு அடித்தார்கள். இடது கை முறிந்தது. அன்று நான் தஞ்சாவூரில் இருந்தேன். அவனும் அங்கேதான் இருந்தான். செய்தி வந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டான்.

தாலுக்கா ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா என்னை ஊருக்கு வரச்சொன்னார். கூடத்தில் கர்ணமும் உட்கார்ந்திருந்தார். சாகுபடிக் கணக்கான அடங்கலில் அந்த நிலம் எங்கள் சொந்தப் பண்ணைச் சாகுபடி என்றுதான் பதிவாகியிருந்தது. அதை அப்படி எழுதியவர் அவர்தான். குத்தகை நெல்லுக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எதிர்ப்பக்கம் பேசக் காகிதமே இல்லை. இருந்தாலும் அப்பாவுக்குத் திருப்தியில்லை.

"நம்ம ஆளுங்க சொன்னா நம்ம ஆளுன்னு தள்ளிடுவாங்க. நீ காலேஜ்ல படிக்கிறவன். அவன் மவன்கூடத் திரியிறவன். நீ சொன்னா எடுபடும்" என்றார்.

"நான் என்ன சொல்லணும்?"

"அவன் கூலிக்குத்தான் வேல பாத்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா அடிக்கிறவர் இல்லை. படிப்பை நிறுத்தப் போவதாகவும் மிரட்டவில்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை இவ்வளவு வருடம் கழித்து எழுதத்தான் வேண்டும். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். சரி என்றேன்.

தாலுக்கா ஆபீஸ் தாழ்வாரத்தில் அவன் அப்பா பெஞ்சில் உட்காராமல் தூணோரமாக நின்றிருந்தார். கழுத்திலிருந்து துணியில் கை தொங்கியது. மகன் அன்று வரவில்லை. மாதிரிப் பரீட்சை இருந்தது, அவரே வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் அவரைக் கடந்து போகும்போது, "நல்லா இருக்கீங்களா தம்பி? பரீட்சையெல்லாம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை தனக்காகப் பேச வந்திருக்கிறேன் என்றுகூட நினைத்திருக்கலாம்.

உள்ளே கூப்பிட்டார்கள். சொன்னேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த நிலம் எங்கள் பண்ணைச் சாகுபடி, இவர் கூலிக்கு வேலை செய்தவர். எழுத்தர் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். கதவருகில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "தம்பி" என்று ஒரு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் திருச்சியில் கல்லூரிகளுக்கு இடையே இசைப் போட்டி. அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு வந்துவிட்டான். எப்போதும் செய்வதுபோல என் கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்தான். திருப்பிக் கொடுத்தான். முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சாட்சி சொன்னதை அவன் அப்பா அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போட்டியில் நாங்கள் வாசித்தது அவன் எழுதிய பாட்டு. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் காய்ந்த ஆற்றுக்கு வந்து சேரும் நாளைப் பற்றியது. முதலில் டிரம்ஸ் மட்டும் மணலில் நடப்பதுபோல மெதுவாக வரும். அப்புறம் பேஸ். அவன் ஆர்கனில் ஒரு கையை வைத்துக்கொண்டு பாடுவான். இரண்டு சரணம் முடிந்ததும் என் கிட்டார். அதுதான் தண்ணீர். நுரையும் சருகுமாக உருண்டு வருகிற தண்ணீர். அந்தப் பதினாறு சுற்றையும் எனக்காகவே அமைத்திருந்தான். என் விரல் எவ்வளவு ஓடும் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு சுரம்கூட வைக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி. வெயில் சாய்வாக மேடைக்குள் அடித்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. என் முறை வரும்போது அவன் என் பக்கம் திரும்பித் தலையசைப்பது வழக்கம். அன்றும் திரும்பினான். அவன் கண்ணைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

விரல் தந்திமேல் இருந்தது. அசையவில்லை. எந்தச் சுரத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதே மறந்துபோனது. டிரம்ஸும் பேஸும் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஒரு சுற்று அப்படியே போனது. முன்வரிசையில் யாரோ பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார்கள்.

ஆர்கனில் அந்த வாசிப்பு ஆரம்பித்தது. அவன் வலது கை. இடது கை ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்ததை விடவில்லை. நான் வாசிக்க வேண்டியதை அவன் வாசித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவனுக்கு அது நல்ல வாய்ப்பு. மேடை அவன் கையில் இருந்தது. நடுவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நினைத்திருந்தால் என் பகுதியைப் பத்து மடங்கு அழகாக வாசித்திருக்க முடியும். என்னை அந்த இடத்திலேயே ஒன்றுமில்லாதவனாக ஆக்கியிருக்க முடியும். அவன் அப்படிச் செய்யவில்லை. நான் வாசிப்பது போலவே வாசித்தான். மூன்றாவது வரியில் நான் எப்போதும் அரைத் தட்டு பிந்தி வருவேன். எத்தனையோ தடவை சொல்லியும் எனக்குத் திருந்தாத இடம் அது. அதே இடத்தில் அவனும் அரைத் தட்டு பிந்தினான். டிரம்ஸ்காரன் அந்தப் பிந்தலுக்குப் பழகியவன். அதில்தான் அவன் தன் உருட்டலை வைப்பான். அவன் தடுமாறக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிந்தல். எட்டாவது சுற்றில் மிக எளிதான இரண்டு சுரங்களுக்கு இறங்கி, அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அது எனக்குத் திறந்து வைத்த கதவு. குழந்தைகூடப் பிடிக்கக்கூடிய இரண்டு சுரம். பிடித்தேன். நான் உள்ளே வந்ததும் அவன் கையை எடுத்துக்கொண்டான். மிச்சத்தை நானே வாசித்து முடித்தேன்.

கேட்டவர்கள் அது ஏற்பாடு என்றே நினைத்தார்கள். ஆர்கனும் கிட்டாரும் கைமாறியது நன்றாக இருந்தது என்று ஒரு நடுவர் சொன்னார். முதல் பரிசு கொடுத்தார்கள்.

பல வாத்தியம் வாசிக்கிறவர்களைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். இப்போது ஒரே ஆள் எல்லாவற்றையும் வாசித்து ஒன்றாகச் சேர்த்துப் போன் திரையில் காட்டுகிறார். திறமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்னை யாராவது கேட்டால், எத்தனை வாத்தியம் தெரியும் என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அன்று அவனுக்கு நான்கு பேர் வாசிப்பதும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது. எங்கே குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தது. அந்த அளவு மட்டும் வாசித்தான். தனக்கு நடந்ததை அதற்குள் கொண்டுவரவில்லை. அவ்வளவு தெரிந்த ஒருவன் அவ்வளவு குறைவாக வாசித்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அன்னிக்கு சாயங்காலமே அப்பா சொன்னாரு."

"அப்ப ஏன்டா வந்த? ஏன் எனக்காக..."

"உனக்காக வாசிக்கல." துண்டால் முகத்தைத் துடைத்தான். "பாட்டு பாதியில நிக்கக்கூடாது. மத்த ரெண்டு பேரு என்ன பாவம் பண்ணாங்க? அதுக்குத்தான்."

அவன் தோளைத் தொடப் போனேன். ஒதுங்கிக்கொண்டான்.

"இனிமே நான் வரமாட்டேங்க" என்றான்.

அந்த 'ங்க' எனக்குக் கேட்டது. ஊரில் சொல்கிற 'ங்க'. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசிய எல்லாமே அப்படித்தான்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. அவர்கள் குடும்பம் ஊரைவிட்டுப் போனது. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியதை மாடியிலிருந்து பார்த்தேன். அவன் கடைசி வருடப் பரீட்சை எழுதவில்லை. முறிந்த கை சரியாகக் கூடாமல் அவன் அப்பா இரண்டு வருடம் இருந்தார். கும்பகோணத்தில் ஒரு அரிசி ஆலையில் வாசல் காவல் பார்த்துக்கொண்டு இருந்தபோது இறந்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் குழு கலைந்தது. வேறு ஆள் தேடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடற்கரை நண்பனுக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீ அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேல்ல?" ஆமாம் என்றேன். அதன் பிறகு அவன் கடிதங்களில் என் உடல்நலம் மட்டும் விசாரிப்பான்.

எங்கள் அப்பா இறந்த பிறகு, பாகப் பிரிவினையில் அந்த நிலம் என் தம்பிக்குப் போயிற்று. தம்பி விற்றான். வாங்கியவர் மனை போட்டார். சாட்சி சொல்லி முப்பது வருடம் ஆனபின் நான் ஒருநாள் தாலுக்கா ஆபீஸுக்குப் போய், முன்பு சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"அந்த ஃபைலே இப்ப இருக்காதுங்க சார். இத வச்சு நான் என்ன பண்றது?" என்றார். அவர் மேல் தப்பில்லை.

பிறகு அந்தப் பாட்டை எழுதியவனைத் தேடிப் போனேன். திருச்சியில், பொன்மலைப் பக்கம் வீடு. ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல் வேலை. முடி முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் வாத்தியம் எதுவும் கண்ணில் படவில்லை.

"வாசிக்கிறதில்லையா?" என்றேன்.

"கொஞ்ச நாள் கச்சேரிக் குழுக்கள்ல வாசிச்சேங்க. அப்புறம் விட்டுட்டேன். அப்பாவுக்கு வைத்தியம், தங்கச்சி கல்யாணம். தனியா உக்காந்து வாசிக்கவும் பிடிக்கல."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தாலுக்கா ஆபீஸில் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இத எங்கப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கணுங்க. ரெண்டு வருசம் இருந்தாரே. கும்பகோணம் ஒண்ணும் தூரம் இல்லையே" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

கிளம்பும்போது, இதையெல்லாம் ஒருநாள் எழுதுவேன் என்றேன்.

"எழுதுங்க. பேரு எதுவும் போடாதீங்க. எங்க சனங்க இன்னும் அங்கதான் கூலிக்குப் போறாங்க."

அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கினான். தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் மனைவி, "பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கமா போங்க" என்று கைகாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.